ஸ்காபரோ: இரவு பதினொரு மணியும் தெருவோர மின்மாற்றியும்

கனடாவின் டொரொன்டோ மாநகரில் மின்சாரக் கார்களின் எண்ணிக்கை அதிகரித்துவரும் நிலையில், அவை அனைத்துக்கும் போதுமான மின்சாரம் கிடைக்குமா என்ற கேள்வியே பொதுவாக எழுப்பப்படுகிறது. ஆனால் மின்சாரத்தை உற்பத்தி செய்வதைக் காட்டிலும், அதை ஒவ்வொரு தெருவுக்கும் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் கொண்டுசேர்ப்பதே முதலில் நெருக்கடியாக மாறக்கூடியது. தமிழர்கள் பெருமளவில் வாழும் ஸ்காபரோ பகுதி இதற்கு ஒரு தெளிவான உதாரணம். அங்கு எழுகின்ற கேள்வி வெறும் பொறியியல் சார்ந்தது மட்டுமல்ல. புதிய வாகனங்களுக்காக மின்வலையமைப்பைப் பலப்படுத்தும் செலவை யார் ஏற்பது, மலிவான மின்சாரத்தின் பலன் யாரைச் சென்றடையும் என்பதும் அதில் அடங்கியுள்ளது.

மின்சாரம் கடந்து செல்லும் பகுதி

ஸ்காபரோவின் கிழக்கு எல்லைக்கு அப்பால், ஒன்டாரியோ ஏரிக்கரையில் பிக்கரிங் அணுமின் நிலையம் அமைந்துள்ளது. 1971ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய இந்த நிலையத்தின் பழைய பிரிவில் இருந்த கடைசி உலை 2024ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டது. மற்றப் பிரிவின் நான்கு உலைகளைப் புதுப்பிக்கும் திட்டத்துக்கு மாகாண அரசு 2024 ஜனவரியில் ஆதரவு தெரிவித்தது.

ஸ்காபரோவின் குறுக்காகக் கிழக்கிலிருந்து மேற்கே செல்லும் உயர் மின்னழுத்தக் கம்பிப் பாதைக்கு நெடிய வரலாறு உண்டு. கியூபெக் மாகாணத்தின் கட்டினோ ஆற்று நீர்மின்சாரத்தை டொரொன்டோவின் லீசைட் மின்மாற்று நிலையத்துக்குக் கொண்டுவருவதற்காக 1928ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட வழி அது. இன்று அதன் கோபுரங்களுக்குக் கீழுள்ள நிலம், மெடோவே என்ற பெயரில் ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவை நோக்கிச் செல்லும் பசுமைப் பாதையாக மாற்றப்பட்டு வருகிறது. மாலையில் அங்கு நடைபயிலச் செல்பவர்களின் தலைக்கு மேலே செல்வது, பெரும்பாலும் நகர மையத்துக்கான மின்சாரம்.

ஆனால் தலைக்கு மேலே மின்சாரம் பாய்கிறது என்பதற்காக, கீழேயுள்ள தெருவில் அது தாராளமாகக் கிடைக்கும் என்று கொள்ள முடியாது. கோபுரங்களில் செல்லும் மின்சாரம் துணை மின்நிலையத்தில் அழுத்தம் குறைக்கப்பட்டு, தெருக் கம்பங்கள் வழியாகச் சென்று, இறுதியில் கம்பத்தில் தொங்கும் சிறிய மின்மாற்றி ஊடாகவே வீடுகளை அடைகிறது. இந்தக் கடைசிக் கட்டத்தைப் பராமரிப்பது டொரொன்டோ ஹைட்ரோ நிறுவனம். 1998ஆம் ஆண்டு டொரொன்டோவும் ஸ்காபரோ உள்ளிட்ட ஐந்து அயல் நகராட்சிகளும் ஒன்றிணைக்கப்பட்டபோது, அவற்றின் மின் விநியோக அமைப்புகளும் இணைந்து உருவான இந்த நிறுவனம் மாநகராட்சிக்குச் சொந்தமானது. ஏறத்தாழ எட்டு இலட்சம் வாடிக்கையாளர்களுக்கு அது மின்சாரம் விநியோகிக்கிறது.

ஸ்காபரோவின் வீடுகளில் பெரும்பகுதி, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய மூன்று தசாப்தங்களில் கட்டப்பட்டவை. அந்தக் காலத்தில் ஒரு வீட்டின் தேவை என்பது விளக்கு, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம் என்பனவே. தெருவின் மின்மாற்றிகளும் அந்தக் கணக்கைக் கொண்டே திட்டமிடப்பட்டன.

ஒரு வீட்டின் கணக்கு

ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடும் மின்சாரக் கார் ஒன்றுக்கு, கிலோமீட்டருக்கு 0.2 யூனிட் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு சுமார் 3,000 யூனிட் மின்சாரம் தேவைப்படும். மாதத்துக்கு இது 250 யூனிட். ஒன்டாரியோவில் மாதம் 700 யூனிட் பயன்படுத்தும் வீடே வழமையான வீடாகக் கணக்கிடப்படுகிறது. அதாவது ஒரு கார், வீட்டின் நுகர்வை மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாக உயர்த்துகிறது. இது பெரிய அளவுதான் என்றாலும், பல ஆண்டுகளில் படிப்படியாக நிகழும்போது சமாளிக்கக்கூடியதே.

எவ்வளவு மின்சாரம் என்பதைவிட, அது எந்த நேரத்தில், எவ்வளவு வேகத்தில் எடுக்கப்படுகிறது என்பதே பிரச்சினைக்குரியது. சாதாரணச் சுவர்ச் செருகியில் இணைத்தால் கார் எடுப்பது ஏறத்தாழ 1.4 கிலோவாட் மட்டுமே. ஆனால் பலரும் வீட்டில் பொருத்திக்கொள்ளும் 240 வோல்ட் சார்ஜர் சுமார் 7 கிலோவாட் எடுக்கும். சில சார்ஜர்கள் 11 கிலோவாட் வரை எடுக்கும். வீடு முழுவதையும் குளிரூட்டும் இயந்திரம் எடுப்பது சுமார் 3 கிலோவாட் என்பதோடு ஒப்பிட்டால் இதன் அளவு விளங்கும்.

பழைய வீடுகள் பலவற்றுக்கு வரும் மின் இணைப்பு 100 ஆம்பியர் அளவிலானது. அதன் உச்ச வரம்பு 24 கிலோவாட். மேல்மாடியில் ஒரு குடும்பம், பேஸ்மென்டில் வாடகைக்கு மற்றொரு குடும்பம், இரண்டு சமையலறைகள், இரண்டு அடுப்புகள், துணி உலர்த்தும் இயந்திரம் என்று இயங்கும் ஒரு ஸ்காபரோ வீட்டில், இரவு உணவு நேரத்தில் காரையும் இணைத்தால் அந்த வரம்பு நெருங்கிவிடும். எனவேதான் பலர் 200 ஆம்பியர் இணைப்புக்கு மாறவேண்டியுள்ளது. வீட்டின் மொத்தச் சுமை உயரும்போது காருக்குச் செல்லும் மின்சாரத்தைத் தானாகவே நிறுத்தி, குறைந்தபின் மீண்டும் வழங்கும் கருவிகளும் உள்ளன. அவற்றைப் பொருத்தினால் பல வீடுகளில் இணைப்பைப் பெரிதாக்கும் தேவையே எழாது.

புதிய வீடுகளைப் பொறுத்தவரை இந்தச் சிக்கலை முன்கூட்டியே தவிர்க்க வாய்ப்பு இருந்தது. வாகனக் கொட்டகையுடன் கட்டப்படும் புதிய வீடுகளில் சார்ஜருக்கான முன்னேற்பாடு இருக்கவேண்டும் என்ற விதி ஒன்டாரியோவின் கட்டட நெறிமுறையில் 2018 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் ஆட்சி மாற்றத்தைத் தொடர்ந்து 2019ஆம் ஆண்டில் அந்த விதி நீக்கப்பட்டது. 2018 ஜூலையில், மின்சாரக் கார் வாங்குவோருக்கு மாகாணம் வழங்கிவந்த, 14,000 டொலர் வரையிலான ஊக்கத் தொகையும் ரத்துச் செய்யப்பட்டது.

ஒரு தெருவின் கணக்கு

வீட்டுக்குள் உள்ள பிரேக்கர் பெட்டியை உரிமையாளர் மாற்றிக்கொள்ளலாம். தெருவின் மின்மாற்றி அவரது கையில் இல்லை.

கம்பத்தில் தொங்கும் 50 கிலோவோல்ட்-ஆம்பியர் மின்மாற்றி ஒன்று பத்து வீடுகளுக்கு மின்சாரம் வழங்குவதாக வைத்துக்கொள்வோம். கோடைகால மாலை ஒன்றில் வீட்டுக்குச் சராசரியாக 3.5 கிலோவாட் என்றால் மொத்தம் 35 கிலோவாட். வேலை முடிந்து வரும் மூவர் தமது கார்களை உடனே இணைத்தால் மேலும் 21 கிலோவாட் சேர்ந்து, மின்மாற்றியின் அளவு தாண்டப்படுகிறது. சில மணி நேர மேலதிகச் சுமையை மின்மாற்றி தாங்கும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. உள்ளே இருக்கும் காகிதக் காப்பு, வெப்பம் ஏற ஏற வேகமாகச் சிதைகிறது. ஒவ்வொரு ஆறு முதல் பத்துப் பாகை செல்சியஸ் கூடுதல் வெப்பத்துக்கும் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிறது என்பது மின்பொறியியலாளர்கள் நெடுங்காலமாகப் பின்பற்றிவரும் கணிப்பு. வழக்கமாக இரவில் சுமை குறைந்து மின்மாற்றி ஆறும். கார்கள் இரவு முழுவதும் மின்னேற்றப்பட்டால் அந்த ஓய்வும் குறைகிறது.

இதில் மாகாண அளவிலான புள்ளிவிவரங்கள் அதிகம் உதவுவதில்லை. கனடாவில் 2024ஆம் ஆண்டு விற்பனையான புதிய வாகனங்களில் ஏறத்தாழ ஏழில் ஒன்று, முழுமையாகவோ பகுதியாகவோ மின்சாரத்தில் ஓடுவது. கூட்டாட்சி அரசின் 5,000 டொலர் வரையிலான ஊக்கத் தொகைக்கான நிதி 2025 ஜனவரியில் தீர்ந்துபோனதைத் தொடர்ந்து அந்த ஆண்டில் இந்தப் பங்கு குறைந்தது. விற்பனை இலக்குகளையும் அரசு 2025 செப்டம்பரில் மறுபரிசீலனைக்கு உட்படுத்தியது. ஆனால் மின்சாரக் கார்கள் ஒரு நகரில் சமமாகப் பரவுவதில்லை. ஒரு தெருவில் ஒருவர் வாங்கினால் பக்கத்து வீட்டாரும் உறவினரும் அதைப் பார்த்து வாங்குகிறார்கள். நகரின் சராசரி சிறியதாக இருக்கும்போதே ஒரு குறிப்பிட்ட தெருவின் மின்மாற்றி நிரம்பிவிடலாம்.

மலிவு விலையின் மறுபக்கம்

மாலை நேரச் சுமையைக் குறைப்பதற்காக ஒன்டாரியோ அரசு 2023 மே முதலாம் தேதி ஒரு புதிய விலைத் திட்டத்தை அறிமுகப்படுத்தியது. விரும்புவோர் தெரிவு செய்துகொள்ளக்கூடிய இந்தத் திட்டத்தில், இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை ஒரு யூனிட்டின் விலை, அறிமுகமானபோது 2.4 சதம். வார நாட்களில் மாலை 4 மணி முதல் இரவு 9 மணி வரை அதுவே 24 சதம். விலைகள் பின்னர் திருத்தப்பட்டபோதும் இந்தப் பத்து மடங்கு இடைவெளி ஏறக்குறைய பேணப்பட்டே வந்தது. அறிமுக விலையில் கணக்கிட்டால், காருக்கு மாதம் தேவைப்படும் 250 யூனிட்டுக்கு இரவில் 6 டொலர், மாலையில் 60 டொலர். விநியோகக் கட்டணமும் வரியும் தனி.

இதன் பின்னணியில் உள்ள தர்க்கம் வலுவானது. ஒன்டாரியோவின் மின்சாரத்தில் ஏறத்தாழ பாதி அணுமின் நிலையங்களிலிருந்தும், கால்வாசி அளவு நீர்மின் நிலையங்களிலிருந்தும் வருகிறது. அணு உலைகளை இரவில் அணைத்துவைக்க முடியாது. தேவை குறைந்த இரவுகளில் உபரி மின்சாரம் அயல் பிராந்தியங்களுக்கு மலிவாக விற்கப்பட்டு வந்துள்ளது. அதை உள்ளூர்க் கார்களுக்குக் கொடுப்பதும், மாலையில் எரிவாயு நிலையங்களின் தேவையைக் குறைப்பதும் மாகாணத்துக்கு இலாபமே.

ஆனால் மாகாணத்துக்கு நன்மை தருவது தெருவுக்கும் நன்மை தரும் என்பதில்லை. மலிவு விலை 11 மணிக்குத் தொடங்குவதால், கார்களில் உள்ள நேரக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் சரியாக 11 மணிக்கே இயங்கத் தொடங்குகின்றன. மேற்கூறிய பத்து வீடுகளிலும் கார்கள் வந்து, அவை அனைத்தும் ஒரே நேரத்தில் தொடங்கினால், கார்களின் சுமை மட்டும் 70 கிலோவாட். இத்தனைக்கும், நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓடும் ஒரு காருக்குத் தேவைப்படுவது 8 யூனிட் மட்டுமே. சார்ஜர் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் இயங்கினால் போதும். அதே பத்துக் கார்களுக்கும் தேவையான 80 யூனிட்டை எட்டு மணி நேரத்துக்குப் பகிர்ந்து கொடுத்தால், மின்மாற்றி மீதான சராசரிச் சுமை 10 கிலோவாட் மட்டுமே.

70 கிலோவாட்டுக்கும் 10 கிலோவாட்டுக்கும் இடையிலான இந்த வேறுபாடே விவாதத்தின் மையம். முதலாவது வழியில் மின்மாற்றியையும், சில இடங்களில் கம்பிகளையும் மாற்றவேண்டும். இரண்டாவது வழியில் பெரும்பாலான இடங்களில் இருப்பதைக் கொண்டே சமாளிக்கலாம். அதற்குத் தேவை, கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக மின்னேற்றம் பெறும்படி ஒழுங்குபடுத்தும் ஏற்பாடு. ஒவ்வொரு மின்மாற்றியின் கீழும் எத்தனை கார்கள் உள்ளன என்பது மின் நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தால் மட்டுமே அது சாத்தியம். ஒன்டாரியோவில் வீட்டுச் சார்ஜர் பொருத்துவதை மின் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவிக்கவேண்டும். செலவைத் தவிர்க்க அறிவிப்பின்றிப் பொருத்துவோர், தமது வீட்டின் பாதுகாப்பை மட்டுமன்றித் தெருவின் திட்டமிடலையும் பாதிக்கிறார்கள்.

குளிர்காலம் இன்னொரு சோதனை. கடுங்குளிரில் மின்கலத்தின் தூரம் கணிசமாகக் குறைவதால் ஒவ்வொரு இரவும் கூடுதல் மின்னேற்றம் தேவைப்படும். 2013 டிசம்பரில் வீசிய உறைபனிப் புயலில் டொரொன்டோ ஹைட்ரோவின் சுமார் மூன்று இலட்சம் வாடிக்கையாளர்கள் மின்சாரத்தை இழந்தார்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் ஸ்காபரோவும் ஒன்று. சில வீடுகள் ஒரு வாரத்துக்கும் மேலாக இருளில் கிடந்தன. அத்தகைய தடைக்குப் பின்னர் மின்சாரம் திரும்பும்போது, வீடுகளைச் சூடேற்றும் கருவிகளோடு எல்லாக் கார்களும் ஒரே கணத்தில் மின்சாரத்தைக் கேட்கும். அதே வேளையில், காரின் மின்கலத்திலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுக்கும் வசதி பரவலானால், அத்தகைய இரவுகளில் காரே வீட்டுக்குக் கைகொடுக்கவும் கூடும்.

வாசல் இல்லாதவர்கள்

இந்த மலிவு விலையின் முழுப் பயனைப் பெறுவதற்கு மூன்று விடயங்கள் தேவை: சொந்தமான வாகனத் தரிப்பிடம், சொந்தமான மின்மானி, சார்ஜர் பொருத்துவதற்கான உரிமை. ஸ்காபரோவில் வாழும் குடிவரவாளர்களில் பலருக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை.

பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவருக்குப் பொதுவாகத் தனி மின்மானி கிடையாது. விலைத் திட்டத்தைத் தெரிவு செய்பவர் மேலே வசிக்கும் வீட்டு உரிமையாளர். அவர் தமது காருக்காக இரவுத் திட்டத்துக்கு மாறினால், கீழே மாலை ஆறு மணிக்குச் சமைக்கும் குடும்பத்தின் மின்சாரமும் உச்ச விலைக்குச் செல்லும். மின்கட்டணத்தை இரு குடும்பங்களும் பகிர்ந்துகொள்ளும் வீடுகளில் இது மனக்கசப்புக்கு வழிவகுக்கக்கூடியது.

அடுக்குமாடிகளின் நிலை இன்னும் சிக்கலானது. சொந்த வீடாக வாங்கப்படும் கொண்டோமினியங்களில் சார்ஜர் பொருத்துவதை எளிதாக்கும் விதிகள் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. ஆனால் ஸ்காபரோவில் 1960களிலும் 70களிலும் எழுந்த உயர்ந்த வாடகைக் கட்டடங்களுக்கு அவை பொருந்தாது. புதிய குடியிருப்புக் கட்டடங்களின் வாகனத் தரிப்பிடங்களில் சார்ஜருக்கான மின்னிணைப்பை வலியுறுத்தும் மாநகராட்சியின் பசுமைத் தரநிலை 2022 மே மாதம் வந்தது. அதுவும் இனிக் கட்டப்படுபவற்றுக்கே. எனவே பழைய கட்டடத்தில் வசிப்பவர் பொதுச் சார்ஜர்களையே நம்பவேண்டியுள்ளது. அங்கு விலை, வீட்டு இரவு விலையைவிடப் பல மடங்கு அதிகம்.

இது வாழ்வாதாரப் பிரச்சினையாகவும் மாறக்கூடியது. டாக்சிகளும், செயலி வழியாக அழைக்கப்படும் வாடகைக் கார்களும் 2030ஆம் ஆண்டின் இறுதிக்குள் புகை வெளியேற்றாதவையாக மாறவேண்டும் என்று டொரொன்டோ மாநகர சபை 2023 அக்டோபரில் தீர்மானித்தது. இந்தத் தொழிலில் குடிவரவாளர்கள் பெருமளவில் ஈடுபட்டுள்ளனர். நாளொன்றுக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் ஒரு சாரதிக்கு வீட்டில் சார்ஜர் இல்லையெனில், மின்சாரத்தின் மலிவு என்ற வாக்குறுதி அவரது வருமானக் கணக்கில் காணாமல் போய்விடும்.

யார் செலவில்?

மின்சாரக் கார்களால் அனைவரின் கட்டணமும் குறையும் என்ற வாதமும் உண்டு. ஏற்கனவே உள்ள கம்பிகள் வழியாக அதிக யூனிட்கள் விற்கப்பட்டால் நிலையான செலவுகள் பலரிடையே பகிரப்படும் என்பது அதன் அடிப்படை. மின் உற்பத்திச் செலவைப் பொறுத்தவரை இதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஒன்டாரியோவின் விநியோகக் கட்டண முறை இந்த வாதத்தை ஓரளவு பலவீனப்படுத்துகிறது. ஒன்டாரியோ எரிசக்தி வாரியம் 2015ஆம் ஆண்டில் எடுத்த முடிவின்படி, வீடுகளுக்கான உள்ளூர் விநியோகக் கட்டணம் படிப்படியாக மாதாந்த நிலைக்கட்டணமாக மாற்றப்பட்டது. கார் இல்லாத ஒரு மூதாட்டியின் வீடும், இரண்டு மின்சாரக் கார்கள் நிற்கும் வீடும் கம்பிக்கும் மின்மாற்றிக்கும் செலுத்துவது ஒரே தொகை. தெருவின் மின்மாற்றியைப் பெரிதாக்கும் செலவு, வாரியத்தின் ஒப்புதலோடு எல்லா வாடிக்கையாளர்களின் கட்டணத்திலும் கலக்கிறது.

டொரொன்டோ போக்குவரத்து ஆணையத்தின் மின்சாரப் பேருந்துகளும் இதே வலையமைப்பையே நம்பியுள்ளன. முதற்கட்டமாக வாங்கப்பட்ட 60 பேருந்துகள் மூன்று பணிமனைகளுக்குப் பகிரப்பட்டபோது, அவற்றில் ஒன்று ஸ்காபரோவின் எக்ளின்டன் பணிமனை. 2023 ஜூலையில் ஸ்காபரோவின் ரயில் பாதை, பெட்டி தடம்புரண்டதை அடுத்து நிரந்தரமாக மூடப்பட்டபின், பேருந்துகளின் மீதான தங்கியிருப்பு இன்னும் அதிகரித்தது. பொதுமக்களின் பணத்தில் வலையமைப்பு பலப்படுத்தப்படும்போது, கார் வைத்திருப்போரின் வாசலுக்கா, பேருந்துப் பணிமனைக்கா முன்னுரிமை என்பது ஓர் அரசியல் தெரிவு என்பதை இது காட்டுகிறது.

ஒவ்வொரு நாட்டுக்கும் வேறு நேரம்

நோர்வேயில் 2024ஆம் ஆண்டு விற்பனையான புதிய கார்களில் பத்தில் ஒன்பதுக்குச் சற்றுக் குறைவானவை முழுமையான மின்சாரக் கார்கள். அங்கு மின்வலையமைப்பு சரிந்துவிடவில்லை. ஆனால் மின்சாரத்தாலேயே வீடுகளைச் சூடேற்றிப் பழகிய நாடு அது. ஆகவே வீட்டு இணைப்புகள் முன்னரே வலுவாக இருந்தன. எரிவாயுவால் வீடுகளைச் சூடேற்றும் டொரொன்டோவுக்கு அந்த அனுகூலம் இல்லை.

தமிழர்களின் தாயகப் பகுதிகளில் கணக்கு தலைகீழானது. இலங்கையில் தனியார் வாகன இறக்குமதி 2025 பிப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டதைத் தொடர்ந்து மின்சாரக் கார்கள் வரத் தொடங்கின. 2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டைக் கண்ட அதே நாட்டில், 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையின்போது, பகலில் மின்சாரம் மிகையாகிவிடும் என்பதால் கூரைச் சூரிய மின்தகடுகளை நிறுத்திவைக்குமாறு உரிமையாளர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். தமிழ்நாட்டிலும் சூரிய மின்சாரம் பெருகும் பகல்வேளையே மின்னேற்றத்துக்கு உகந்தது. ஸ்காபரோவில் நள்ளிரவில் சரியாக இருப்பது, யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் நண்பகலுக்கு மாறுகிறது. கனடாவிலுள்ள உறவினரின் அனுபவத்தை அப்படியே பின்பற்றுவது அங்கு பொருந்தாது.

எதிர்நோக்கும் தெரிவு

ஒன்டாரியோவின் மின்தேவை 2050ஆம் ஆண்டளவில் 75 சதவீதம் உயரும் என்று மாகாண மின்கட்டமைப்பை இயக்கும் அமைப்பு 2024இல் கணித்தது. அணு உலைகளும் உயர் மின்னழுத்தப் பாதைகளுமே இது தொடர்பான அறிவிப்புகளில் முதன்மை பெறுகின்றன. அவை தேவையானவையே. ஆனால் ஸ்காபரோவின் குடியிருப்புத் தெருக்களில் சோதிக்கப்படவிருப்பது, எளிதில் கண்ணில் படாத சிறிய விடயங்கள்: 11 மணிக்கு எல்லாக் கார்களும் ஒன்றாகத் தொடங்காதபடி பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு, பழைய வாடகைக் கட்டடங்களின் வாகனத் தரிப்பிடத்துக்கு ஒரு மின்கம்பி, கார் இல்லாதவர் மீது கூடுதல் சுமையை ஏற்றாத கட்டண முறை.

இவற்றை முன்கூட்டியே செய்தால், பெரும்பாலான தெருக்களில் இருக்கும் மின்மாற்றிகளே இன்னும் பல ஆண்டுகள் போதுமானதாக இருக்கும். செய்யத் தவறினால் மின்மாற்றிகளை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டிவரும். அதற்கான கட்டணச் சீட்டு, மின்சாரக் கார் நிற்கும் வீடுகளுக்கு மட்டும் வருவதில்லை.